வைரப் படல ஒளிச்சுற்று: மெருகேற்றுவதில் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். விடுமுறைக்கு மண்டபத்திலுள்ள வீட்டுக்கு வந்திருக்கும் நான், சிலிக்காவின் மேல் வளர்த்த பல்படிக (சிறு சிறு படிகங்கள் சேர்ந்த) வைரப் படலத்தில், 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கான அலைவழிகாட்டியை, அதாவது ஒளியைத் தனக்குள் அடக்கிக் கொண்டுசெல்லும் நுண்ணிய பாதையை, வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.4, சிலிக்காவினுடையது 1.44 என்பதால் ஒளி படலத்துக்குள் நன்றாகவே அடங்குகிறது, சிக்கல் அதுவன்று. நுண்ணோக்கிப் படத்தில் படலத்தின் மேற்பரப்பு, வாலிநோக்கம் உப்பளத்தில் குவித்த கல்லுப்பைப் போல முனை முனையாக நிற்கிறது. அந்த முனைகளில் ஒளி சிதறி வீணாகிறது.

ஆக்சிஜன் பிளாஸ்மாவால் (மின்னூட்டம் பெற்ற வாயுவால்) அரித்து அந்தப் பாதையைச் செதுக்குவதற்கு முன்பே, வேதி முறையும் இயந்திர முறையும் சேர்ந்த மெருகேற்றலால் இந்தக் கரடுமுரடைச் சில நானோமீட்டருக்குள் கொண்டுவந்தவர்கள் இங்கிருந்தால், படலம் விரிசல் விடாதிருக்க எவ்வளவு அழுத்தம் கொடுத்தீர்கள், எந்தத் துகள் கலந்த கூழைப் பயன்படுத்தினீர்கள் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒற்றைப் படிக வைரத்துக்கு மாறும்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள், விலை எனக்குக் கட்டுப்படியாகாது.