இருட்டில் மணி பார்த்த அனுபவங்கள்: எந்தக் கைக்கடிகாரம் கைகொடுத்தது, எது கைவிட்டது? (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கோழித்தூக்கம்

அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து ஊற்ற வேண்டியிருந்த வாரம் அது. விளக்கைப் போட்டால் அவருக்குக் கண் கூசும் என்பதால், இருட்டில் நன்றாக ஒளிரும் என்று தேடிப் பிடித்து வாங்கிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். நள்ளிரவு மருந்து முடிந்து, அடுத்தது நான்கு மணிக்கு. திடுக்கிட்டு விழித்துப் பார்த்தபோது பச்சை முட்கள் பளிச்சென்று 4:10 காட்டின. பத்து நிமிடம் தாமதமாகிவிட்டதே என்று பதறி, அவரை எழுப்பி மருந்தை ஊற்றிவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே சுவர்க் கடிகாரத்தில் மணி 2:25.

என் கடிகாரத்தில் கோளாறு எதுவும் இல்லை. நான் விழித்தபோது அது சரியாக 2:20 காட்டிக்கொண்டிருந்தது. மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒரே பருமன். நீளத்தில் மயிரிழை வேறுபாடு. ஒன்று இரண்டுக்கு அருகிலும் மற்றொன்று நான்குக்கு அருகிலும் நிற்கும்போது, தூக்கக் கலக்கத்தில் எது மணி, எது நிமிடம் என்று யார் சொல்வது? மருந்தால் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் அந்தப் பச்சை வெளிச்சத்தில் எனக்கு ஒரு துளிகூடச் சந்தேகம் எழவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கூடாரவாசி

உங்களுக்கு முட்களாவது தெரிந்தன. மலையேற்றத்தின் இரண்டாம் நாள், விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அலாரம் எதற்கு, கையில்தான் கடிகாரம் இருக்கிறதே என்று படுத்துவிட்டேன். நடு இரவில் கண்ணருகே மணிக்கட்டைக் கொண்டுவந்து பார்த்தால் வட்டமாக ஒரு கறுப்பு, அவ்வளவுதான். சலிப்போடு கூடாரத்தின் ஜிப் பக்கம் பார்வையைத் திருப்பினேன். அப்போது ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. திரும்பி நேராகப் பார்த்தேன், மறைந்துவிட்டன. மறுபடி ஜிப்பைப் பார்த்தேன், வந்துவிட்டன. இப்படி ஐந்தாறு முறை கண்ணாமூச்சி ஆடித்தான் மணி மூன்றரை என்று கண்டுபிடித்தேன்.

காரணம் ஊர் திரும்பிய பிறகு புரிந்தது. இன்றைய கடிகாரங்களில் பூசப்படுவது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் கலவை. 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் அறிமுகப்படுத்திய வகை. அதற்குத் தானாக ஒளிரத் தெரியாது. பகலில் வாங்கிய வெளிச்சத்தைத்தான் இரவில் திருப்பித் தருகிறது. அன்று பிற்பகல் முழுவதும் மழை, என் கடிகாரம் மழைச்சட்டையின் கைக்குள் கிடந்தது. வாங்காத கடனை எப்படித் திருப்பித் தரும்? ஆகவே முள்ளின் நீளம் இரண்டாவது கேள்விதான். முள் தெரிவதே முதல் கேள்வி.

குழல்விளக்கு

இரவு நேரப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் கூடாரவாசிக்குச் சொல்கிறேன்: டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் வாயு அடைத்த குழாய் பொருத்திய கடிகாரம் வாங்கியிருந்தால் இந்த ஓரக்கண் வித்தையே தேவைப்பட்டிருக்காது. சிறு கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த டிரிட்டியம் வாயு, உட்சுவரில் பூசிய பொருளை ஓயாமல் ஒளிரவைத்துக்கொண்டே இருக்கும். அதற்கு வெயிலும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். தொடக்கத்தில் மட்டும் பளிச்சென்று இருந்துவிட்டு மங்கும் பழக்கமும் இல்லை. மாலை ஆறு மணிக்கு எப்படியோ, அதிகாலை ஐந்து மணிக்கும் அப்படியே.

என்னை உறுத்துவது வேறு. ஒரு நாள் இரவு மணி பார்ப்பதற்காகக் கையை மூக்கு வரைக்கும் கொண்டுவந்திருப்பதை உணர்ந்தேன். முன்பெல்லாம் கையை மடியில் வைத்தபடியே பார்ப்பேன். பார்வை போகிறது என்று அஞ்சி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனேன். வயதுக்கு ஏற்ற கண்ணாடி போதும், இருட்டுப் பார்வையில் குறை எதுவும் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார். மங்கியது என் கண் அல்ல, கடிகாரம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அத்தனை ஆண்டுகளில் வெளிச்சம் பாதியாகும், ஏறத்தாழ இருபத்தைந்தாம் ஆண்டில் கால் பங்கு. ஒவ்வோர் இரவும் இம்மியளவு குறைந்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

தொட்டில் காவலன்

முள், பூச்சு, வாயு என்று எதற்கு இத்தனை வாதம், பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும் டிஜிட்டல் கடிகாரம் போதும் என்று நினைத்திருந்தவன் நான். ஒரு மணி நேரம் தோளில் போட்டுத் தட்டிய பிறகு கைக்குழந்தை அப்போதுதான் உறங்கியிருந்தது. கடிகாரம் கட்டிய இடக்கை குழந்தையின் முதுகில், வலக்கை அதன் அடியில். மணி பார்க்கும் ஆசை விடவில்லை. மணிக்கட்டை மெல்ல உயர்த்தி, முகவாயால் பொத்தானைத் தடவி அழுத்தினேன். விளக்குப் பொத்தானுக்குப் பதிலாக அடுத்த பொத்தான் அழுந்தி, கடிகாரம் “பீப்” என்றது. அதன் பிறகு மணி பார்க்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. விடியும் வரை விழித்திருந்தோம், இருவரும்.

முக்காலமும்

என் அனுபவம் சிறியது: மழையில் நனைந்த என் கடிகாரத்தின் கண்ணாடிக்குள் ஆவி படிந்து, ஒளிர்ந்த முட்கள் பச்சை மூட்டமாகக் கலங்கிப்போயின. அதிலிருந்து கற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கூடாரவாசியின் ஓரக்கண் விவகாரம். அதைக் கடிகாரத்தின் குறை என்று மட்டும் சொல்லக் கூடாது. மங்கலான வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். நேர்பார்வை விழும் நடுப்புள்ளியில் அவை இல்லை. அவை முழு அளவில் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் பிடிக்கும். பச்சையை ஒட்டிய நிறத்தைத்தான் கூர்மையாக உணரும். ஆகவே, இருட்டில் சற்று விலகிப் பார்ப்பதே முறை. நீங்கள் தெரியாமல் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

அடுத்து கோழித்தூக்கத்துக்கு. முக்குளிப்போர் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 என்னும் சர்வதேசத் தரம், இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து மணி தெரிய வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. நிமிட முள் மணி முள்ளிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும், கடிகாரம் ஓடுகிறது என்பதும் இருட்டில் தெரிய வேண்டும் என்று கேட்கிறது. இவை அலங்காரத்துக்காக எழுதப்பட்ட விதிகள் அல்ல; நிமிடத்தைத் தவறாகப் படித்தால் நீருக்கடியில் மூச்சுக்காற்று தீர்ந்துவிடும். முக்குளிக்காதவரும் அந்த வகைக் கடிகாரத்தைப் பார்க்கலாம் என்பேன். பன்னிரண்டாம் இடத்தில் முக்கோணமோ இரட்டைக் கோடோ இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி புள்ளிகளாக இருந்தால், கழற்றி மேசையில் வைத்த கடிகாரத்துக்குத் தலை எது, கால் எது என்று தெரியாது.

உழைப்பைப் பொறுத்தவரை, பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி நீந்தப் போகாதீர்கள். அது தூறலுக்கும் கை கழுவுவதற்கும்தான். அன்றாடத்துக்கு 100 மீட்டர் என்றால் நிம்மதி. அதுவும் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போகும் வரைக்கும்தான். மின்கலம் மாற்றும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சஃபையர் கண்ணாடியின் கடினம் மோஸ் அளவில் 9, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. எனவே மணல் கீறாது, ஆனால் பலமாக மோதினால் சில்லாக உடையலாம். அக்ரிலிக் எளிதில் கீறும். பற்பசை போட்டுத் தேய்த்தாலே பளபளப்பு திரும்பும். கீழே போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு 1983-இல் வந்த, கேசியோ நிறுவனத்தின் ஜி-ஷாக் வகைதான். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், பத்து பார் (அழுத்த அலகு) நீரழுத்தம் தாங்க வேண்டும், மின்கலம் பத்து ஆண்டு வர வேண்டும் என்ற இலக்கோடு அந்நிறுவனப் பொறியாளர் கிக்குவோ இபே உருவாக்கியது. விளக்கிலும் வகை உண்டு: 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூவில் இடப்பக்கம் ஒரு சிறு விளக்கு, 1992-இல் டைமெக்ஸ் கொண்டுவந்த இண்டிகுளோவில் முகப்பு முழுவதும் ஒளிரும். பட்டையைக் கோக்கும் சிறு கம்பிகளையும் மறக்காதீர்கள், கடிகாரங்கள் தொலைவது பெரும்பாலும்…

கூடாரவாசி

இடையில் நின்றுவிட்டதற்கு நன்றி, முக்காலமும். என்ன வாங்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. விலகிப் பார்ப்பதே முறை என்றால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் பார்ப்பதற்கு இன்னொரு கடிகாரம் கட்டிக்கொள்ள வேண்டுமா?

தாத்தாவின் பெட்டி

இருட்டில் ஒளிரும் எதையும் “ரேடியம்” என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். சாலையோரப் பட்டை ரேடியம், வண்டி ஸ்டிக்கர் ரேடியம். அவற்றில் ரேடியம் துளியும் இல்லை. அதனாலேயே தாத்தாவின் கடிகாரத்தைப் பற்றி வீட்டில் “ரேடியம் வாட்ச்” என்று சொன்னபோது நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்களில் பழுப்பேறிய பூச்சு இருந்தது, இருட்டில் ஒளிரவில்லை. செத்துப்போன பூச்சைச் சுரண்டிப் புதிது பூசலாம் என்று முகப்பைக் கழற்றி, ஊசியை எடுத்து மூன்றாம் எண்ணில் வைத்தேன். வந்திருந்த கடிகாரப் பழுதுபார்ப்பவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இப்போதும் நினைவிருக்கிறது. “மூச்சு விடாமல் கீழே வை” என்றார்.

அது உண்மையான ரேடியம், கதிரியக்கத் தனிமம். ரேடியம்-226-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அதன் கதிர்வீச்சு தாக்கித் தாக்கிக் கூடவே இருந்த, ஒளிரும் பொருளான துத்தநாக சல்ஃபைடுதான் சிதைந்து ஒளியை இழந்திருந்தது. சுரண்டியிருந்தால் அந்தத் தூள் என் நுரையீரலுக்குள் போயிருக்கும். தூரிகையை உதட்டில் கூராக்கி இதே பூச்சைத் தீட்டிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்களுக்கு 1920-களில் தாடை எலும்பு அழுகிய வரலாற்றைப் பிறகு படித்தேன். குழல்விளக்கு அஞ்ச வேண்டாம். டிரிட்டியத்தின் கதிர் அந்தக் கண்ணாடிக் குழாயைக்கூடத் தாண்டாது. தாத்தாவின் கடிகாரம் மூடிய நிலையில் பெட்டியில் இருக்கிறது.

கோழித்தூக்கம்

நேற்று இரவு வீட்டிலிருந்த மூன்று கைக்கடிகாரங்களையும் 2:20-க்குத் திருப்பி, விளக்கருகே சற்று நேரம் காட்டிவிட்டு, நிறுத்திய நிலையில் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கினேன். நடு இரவில் விழித்துப் பார்த்தபோது ஒன்று தெரியவே இல்லை. ஒன்று 4:10. மூன்றாவது அப்பாவுடையது, குட்டையான, அகன்ற மணி முள் உள்ள பழைய கடிகாரம். மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் 2:20 என்று தெரிந்தது. காலையில் அவரிடம் அதைக் கேட்டேன், எதற்கு என்றார். அந்த இரவைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். “தெரியும், அன்றைக்கு நான் தூங்கவே இல்லை” என்று சொல்லிக்கொண்டே பட்டையைக் கழற்றினார்.