இசே ஆலயத்தில் ஒரு காலை

நவம்பர் மாதத்தில் ஜப்பானின் இசே நகருக்குச் சென்றிருந்தேன். விடுதி நடத்தும் அம்மையார் சொன்ன முறைப்படி, உணவுத் தெய்வமான தொயோஉகேயின் வெளி ஆலயத்தை முதலில் வணங்கிவிட்டு, சூரியத் தெய்வமான அமதெரசு உறையும் உள் ஆலயத்திற்குப் போனேன்.

உஜி பாலத்தைக் கடந்து சரளைப் பாதையில் நடந்தால், வலப்புறம் இசுசு ஆற்றுக்கு இறங்கும் படித்துறை வருகிறது. ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவின் ஆலயங்களில் கல்தொட்டி நீரை அகப்பையால் மொண்டு கைகழுவுவதே பொது வழக்கம். இங்கே ஆற்றிலேயே கைகளை நனைக்கலாம். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போல நீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. பக்கத்தில் ஒரு முதியவர், பேத்தியின் சட்டைக்கையை மடித்துவிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து நீரில் நனைத்தார்.

மூலக்கோயிலை யாரும் நெருங்க முடியாது. வாயிலில் தொங்கும் வெண்திரைக்கு முன்னே நின்று, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து வணங்க வேண்டும். படிக்கட்டுக்கு மேல் படமெடுக்க அனுமதி இல்லை; அது நல்லதென்றே நினைக்கிறேன். காற்றில் திரை சற்றே விலகியபோது கண்ட வேலியும் வைக்கோல் நிறக் கூரையும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஆனால் என்னை அசையாமல் நிற்க வைத்தது பக்கத்திலிருந்த காலி மனைதான். கூழாங்கற்கள் பரப்பிய அந்த நிலத்தில் ஒரு சிறு மரக்கூடு மட்டுமே இருக்கிறது. கி.பி. 690 முதல், 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே வடிவில் ஆலயத்தைப் புதிதாகக் கட்டித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைபட்டும் வழக்கம் அறுந்துபோகவில்லை. 62-ஆவது முறை 2013-இல் நடந்தது, அடுத்தது 2033-இல். கட்டடம் மட்டுமல்ல, தெய்வத்திற்குரிய ஆடைகள், வாள்கள், நெசவுக் கருவிகள் என யாவும் புதிதாகச் செய்யப்படுவதால், ஒரு தலைமுறைத் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் அடுத்த தலைமுறைக்குத் தம் தொழிலைக் கண்ணெதிரே செய்து காட்டியே கற்பிக்கிறார்கள்.

திரும்பும் வழியில், பாலத்தின் உட்புறத் தோரணவாயிலில் நின்றேன். 1993 முதல் 20 ஆண்டுகள் மூலக்கோயிலின் முகட்டைத் தாங்கிய சைப்ரஸ் தூண்களே இப்போது அங்கே நிற்கின்றன. அடுத்த முறை ஆலயம் புதிதாகும்போது அவை செகி என்னும் ஊருக்குப் போய், அங்கே தோரணவாயிலாக நிற்கும். மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் இளஞ்சூடாக இருந்தது.