2010-இல் மைனிங் செய்த வாலட்.டாட் கோப்பு திறக்க மறுக்கிறது

விசிறிச்சத்தம்:
வணக்கம். 2010-இல் இரண்டு மாதம் மடிக்கணினியில் பிட்காயின் நிரலின் 0.3 பதிப்பை ஓட்டி மைனிங் (கணினியைக் கணக்குப் போடவிட்டு புது காயின் சம்பாதிப்பது) செய்தேன். அப்போது சாதாரண சிபியு போதும், ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) கிடைத்தால் 50 காயின். விசிறி ராத்திரியெல்லாம் இரைந்து வீட்டில் திட்டு விழுந்ததால் நிறுத்திவிட்டு, அப்படியே மறந்தும் போனேன்.

போன வாரம் அந்த ஹார்டு டிஸ்க் கிடைத்தது. ஆப்டேட்டாவுக்குள் பிட்காயின் ஃபோல்டர் அப்படியே இருந்தது. காயினுக்கான சாவிகள் இருக்கும் வாலட்.டாட் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்து, அதே நிரலின் புதிய பதிப்பான பிட்காயின் கோர் 30-இல் கொடுத்தேன். பழைய வகை வாலட், புது வகைக்கு மைக்ரேட் செய்துகொள் என்றது. மைக்ரேட் செய்யப் போனால் எல்எஸ்என் (லாக் வரிசை எண்) ரீசெட் ஆகவில்லை, தரவுத்தளம் முழுதாக ஃப்ளஷ் ஆகவில்லை என்று நின்றுவிட்டது. கோப்பு கெட்டுவிட்டதா? கடவுச்சொல் வேறு நினைவில்லை. மூன்று நாளாக நான் அந்தக் காலத்தில் வைத்திருந்த கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதினாறடிமானம்:
முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். பிட்காயினில் வாலட்டைப் பூட்டும் வசதியே 0.4.0-இல்தான் வந்தது, 2011 செப்டம்பரில். 0.3-க்குப் பிறகு வேறு பதிப்பில் திறந்து நீங்களாகப் பூட்டியிருந்தால் ஒழிய அதற்குக் கடவுச்சொல் கிடையாது. பிரைவேட் கீ (காயினைச் செலவழிக்க வைக்கும் ரகசியச் சாவி) எல்லாம் அந்தக் கோப்பில் பச்சையாகக் கிடக்கும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அந்த பென் டிரைவ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். இணையத்தோடு இணைந்த கணினியில் அதைச் செருகியிருந்தால் இனி வேண்டாம்.

இரண்டாவது, அந்த ஹார்டு டிஸ்க்கை இனி நேரடியாகத் தொடாதீர்கள். டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜாக எடுத்துவிட்டு, அந்த இமேஜின் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பத்து வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த டிஸ்க் எத்தனை முறை சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கேள்வி: அந்த மடிக்கணினியை எப்படி அணைப்பீர்கள்?

விசிறிச்சத்தம்:
எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! அது அடிக்கடி உறைந்துவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைப்பேன். கடைசி நாளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பதினாறடிமானம்:
அதுதான் விஷயம். கோப்பு கெடவில்லை, பாதிதான் உங்களிடம் இருக்கிறது. வாலட்.டாட் என்பது ஒரு பெர்க்லி டிபி தரவுத்தளம். அது எழுத வேண்டியதை முதலில் ஒரு லாக் கோப்பில் எழுதிவிட்டு அப்புறம்தான் உள்ளே சேர்க்கும். நிரலை ஒழுங்காக மூடினால் லாகில் இருப்பது எல்லாம் வாலட்.டாட்டுக்குள் இறங்கிவிடும், அது தனியாகவே நிற்கும். பவர் பட்டனை அழுத்தினால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. கோர் 30-இல் பெர்க்லி டிபி நூலகமே இல்லை, படிக்க மட்டும் தெரிந்த ஒரு சின்ன நிரல்தான் இருக்கிறது. லாகைச் சேர்க்க அதற்குத் தெரியாது, அதனால்தான் கைவிரிக்கிறது.

அதே பிட்காயின் ஃபோல்டருக்குள் டேட்டாபேஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே லாக் என்று தொடங்கி 0000000001 போல எண் வைத்த கோப்புகள். அதைத்தான் நீங்கள் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து எடுத்து, இணையம் இல்லாத கணினியில், அதே 0.3 பதிப்பிலேயே திறந்து மெனு வழியாக மூடுங்கள். புதிய பதிப்பில் வேண்டாம், பெர்க்லி டிபியின் பதிப்பு மாறினால் பழைய லாகை ஏற்காமல் போகலாம்.

அதுவும் வேலைக்கு ஆகவில்லை என்றால் வாலட் கோப்பிலிருந்து கீகளை எடுத்துத் தரும் பைவாலட் என்ற நிரல் இருக்கிறது. கடைசி வழியாக, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் 0201010420 என்று தேடுங்கள். பூட்டாத வாலட்டில் அதற்கு அடுத்த 32 பைட்தான் பிரைவேட் கீ. டிஸ்க் இமேஜ் முழுக்கவே தேடலாம், கோப்பு அழிந்திருந்தாலும் சில நேரம் கிடைக்கும்.

நிதானம்:
குறுக்கே ஒரு வார்த்தை. இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு தனிச்செய்தியில் யாராவது மீட்டுத் தருகிறேன் என்று வந்தால் பதிலே போடாதீர்கள். கோப்பைக் கேட்பவர் காயினைக் கேட்கிறார்.

விசிறிச்சத்தம்:
ஏற்கெனவே மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

டேட்டாபேஸ் ஃபோல்டர் கிடைத்தது. 0.3-இல் திறந்து மூடினேன், சண்டை போடாமல் மூடியது. அப்புறம் பைவாலட்டில் நூற்றுச் சொச்சம் கீ வந்தது. நான் உபயோகித்ததே ஒரே ஒரு முகவரிதான், இத்தனை எங்கிருந்து வந்தது? அதைவிடப் பெரிய கவலை, எல்லா முகவரிகளையும் பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (முகவரியின் இருப்பைக் காட்டும் இணையதளம்) போட்டுப் பார்த்தேன். எல்லாம் பூஜ்யம். அப்போது திரையில் பிளாக் கிடைத்ததாகப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

பதினாறடிமானம்:
நூறு கீ என்பது கீபூல். அந்தக் காலத்து நிரல் முன்கூட்டியே 100 கீ தயாரித்து வைத்துக்கொள்ளும், பெரும்பாலானவை வெறுமையாகத்தான் இருக்கும்.

பூஜ்யத்தைப் பார்த்து மனம் உடையாதீர்கள். அப்போதைய மைனிங் வெகுமதி முகவரிக்கு வராது, நேரடியாக உங்கள் பப்ளிக் கீக்கே (பிரைவேட் கீயின் வெளியில் தெரியும் ஜோடி) வரும். முகவரி என்பது அந்த பப்ளிக் கீயிலிருந்து கணக்கிட்ட சுருக்கமான ஹாஷ் மட்டுமே. சில எக்ஸ்ப்ளோரர்கள் இரண்டையும் சேர்த்துக் காட்டும், சில காட்டாது. முகவரியாக இறக்குமதி செய்யும் லேசான வாலட்களிலும் இதே கதைதான். எலக்ட்ரம் என்ற வாலட் நிரலில் இறக்குமதி செய்யாமல் ஸ்வீப் என்ற வழியில் (காயினை எல்லாம் புது வாலட்டுக்கு மாற்றுவது) போங்கள், அது பப்ளிக் கீக்கு வந்ததையும் சேர்த்துத் தேடும். கீயை 5 என்று தொடங்கும் 51 எழுத்து வடிவில் கொடுங்கள். பழைய கீகள் சுருக்கப்படாதவை, கே அல்லது எல் என்று தொடங்கும் வடிவில் கொடுத்தால் வேறு முகவரி வந்து மறுபடி பூஜ்யம் காட்டும்.

ஸ்வீப் செய்வதற்கு முன், போய்ச் சேர வேண்டிய புது வாலட்டை மீட்க உதவும் சீட் சொற்களைக் காகிதத்தில் எழுதிவிட்டீர்களா?

விசிறிச்சத்தம்:
எழுதிவிட்டேன், இரண்டு இடத்தில். கடவுச்சொல் நோட்டின் பின்பக்கம் இல்லை, கவலைப்படாதீர்கள்.

ஸ்வீப்பில் வந்தது. எத்தனை பிளாக் என்று கேட்காதீர்கள். நினைத்ததைவிட ஒன்று குறைவு, அந்த ஒன்று எந்த ராத்திரி போனது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நிதானம்:
தொகையை எழுதாமல் விட்டீர்களே, அது போதும். தனிச்செய்தி வசதியையும் அணைத்துவிடுங்கள்.