மீத்தேக்கி: ஹைப்பர்அக்யுமுலேட்டருக்கு என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

மண்ணிலிருந்து உலோகத்தை எடுத்து இலையில் மிக அதிகமாகச் சேர்த்துவைக்கும் செடிகளை ஆங்கிலத்தில் ஹைப்பர்அக்யுமுலேட்டர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த 'மீயுறிஞ்சி', 'நஞ்சுண்ணி' இரண்டையும் வாக்கியங்களில் வைத்து எழுதிப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை.

உறிஞ்சுவது எல்லா வேரும் செய்கிற வேலை. காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த வயலில் நெல்லும்தான் உறிஞ்சுகிறது. ஆனால் பெரும்பகுதியை வேரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டி நெல்மணிக்கு ஏறிய சொச்சமே ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் இதாய்-இதாய் நோயைக் கொண்டுவந்து எலும்புகளை நொறுக்கியது. நாம் பெயர் தேடும் செடிகள் இதற்கு நேர்மாறானவை. உலோகத்தை வேரில் நிறுத்தாமல் இலைக்கு ஏற்றி, செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் பூட்டி வைக்கின்றன. அந்தத் தேக்கிவைப்புதான் சொல்லில் தெரிய வேண்டும்.

நியூ கலிடோனியாவின் பிக்னாண்ட்ரா அக்யுமினாட்டா மரத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அந்தப் பால் உலர்ந்தால் எடையில் ஏறக்குறைய கால்பங்கு நிக்கல்! 1976-ல் அதை விவரித்த கட்டுரையின் தலைப்பிலேயே நம் ஆங்கிலச் சொல் இருக்கிறது. அந்த நிக்கல் மரத்துக்கு உணவல்ல, அதனால் 'உண்ணி' பொருந்தாது. மாட்டு உண்ணி வேறு நினைவுக்கு வருகிறது. நஞ்சுண்டவன் என்று நாம் சொல்லும் நீலகண்டனும் நஞ்சை விழுங்கவில்லையே, மிடற்றில் தேக்கினான்.

ஆகவே 'மீத்தேக்கி'. மின்தேக்கி (கெப்பாசிட்டர்), மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) இரண்டும் ஏற்கெனவே புழங்குவதால் புதியவருக்கும் பிடிபடும். மீத்தேக்கம், மீத்தேக்குதல் என்று வளைந்தும் கொடுக்கிறது. 'மீத்திரட்டி'யும் நல்ல சொல்தான், ஆனால் திரட்டி என்றால் பலருக்கு வலைப்பதிவுத் திரட்டிதான். 'மீ' மிகைப்படுத்தல் இல்லையா என்று கேட்டிருந்தார்கள். உலர்ந்த இலையில் கிலோவுக்கு நிக்கல் 1,000 மில்லிகிராம், காட்மியம் 100 மில்லிகிராம் தாண்டினால்தான் இந்தப் பெயரே கிடைக்கும். சாதாரணச் செடி அதற்கு வெகு முன்பே மஞ்சளடித்துவிடும்.

'உலோகமீத்தேக்கி' என்று நீட்ட வேண்டாம். பழைய செங்கல் சுவரில் முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா பெரணி தேக்குவது ஆர்செனிக், அது முழு உலோகமல்ல, உலோகப்போலி (மெட்டலாய்டு). 'ஆர்செனிக் மீத்தேக்கி' என்று தேவைப்படும்போது முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, வேரிலேயே தடுத்துவிடும் எக்ஸ்க்ளூடர் செடிகளுக்கு 'விலக்கி' போதுமா? அவை உலோகத்தை முழுக்க விலக்குவதில்லை, மேலே ஏறவிடாமல் மறிக்கின்றன. 'மறிப்பி' என்று ஒன்று தோன்றுகிறது. தாவரவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.