கியூபெக் காட்டு வெங்காயம்: 50 கிழங்கு வரம்பு இன்னும் தேவையா?

மேப்பிள்நிழல்:
அல்லியம் டிரைகோக்கம் என்ற காட்டு வெங்காயத்தை 1995இல் கனடாவின் கியூபெக் மாகாண அரசு பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவித்தது. விற்கக் கூடாது, உணவகத்தில் பரிமாறக் கூடாது. சொந்தத் தேவைக்கு ஒருவர் ஆண்டுக்கு 50 கிழங்குவரை எடுக்கலாம், அவ்வளவுதான். அதே செடி அமெரிக்காவில் தெற்கே ஜார்ஜியா, மேற்கே மினசோட்டா வரை வளர்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் வசந்தம் வந்தால் இதற்கு விழாவே எடுக்கிறார்கள். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் விற்கத் தடையில்லை. உலக அளவில் அழிவின் விளிம்பில் இல்லாத செடிக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

வேர்த்தடம்:
வரைபடத்தில் வண்ணம் பூசிய இடமெல்லாம் செடி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரமும் இலைமக்கும் நிறைந்த பழைய இலையுதிர் காடு இதற்கு வேண்டும். கியூபெக்கில் அப்படிப்பட்ட காடு தெற்கு ஓரத்தில்தான் அதிகம். வயலும் நகரமும் விழுங்கியதும் அதே ஓரத்தைத்தான். விதைக்கு இறக்கை கிடையாது, தாய்ச்செடியின் அடியிலேயே விழும். ஒரு கூட்டத்தை முழுக்கத் தோண்டிவிட்டால் ஜார்ஜியாவிலிருந்து எதுவும் வந்து அந்த இடத்தை நிரப்பாது.

மேப்பிள்நிழல்:
சரி, ஆனால் இருக்கிற இடத்தில் பாய் விரித்தது போல் அடர்ந்து கிடக்கிறதே. கொஞ்சம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வேர்த்தடம்:
அந்த அடர்த்திதான் ஏமாற்றுகிறது. கிழங்கு பிரிந்து பிரிந்து பெருகுவதால், பல தண்டுகள் ஒரே செடியின் பிள்ளைகளாக இருக்கும். ஏப்ரலில் இலை விடும், மரங்கள் தழைத்து வெயிலை மறைப்பதற்குள் ஓர் ஆண்டுக்கான உணவைச் சேர்த்தாக வேண்டும். ஜூன் வாக்கில் இலை காய்ந்துவிடும், பூ அதற்குப் பிறகுதான். விழுந்த விதை முளைக்கவே 6 முதல் 18 மாதம் பிடிக்கும். அது வளர்ந்து பூக்க இன்னும் 5 முதல் 7 ஆண்டு, சில நேரம் அதற்கும் மேல். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் ஆய்வு செய்தவர்கள், ஒரு கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கை, அதுவும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தால்தான் தாங்கும் என்றார்கள். அந்தப் பூங்கா 2004இல் பறிப்பதையே தடை செய்தது. ஏராளமாக வளர்வதாக நீங்கள் காட்டும் தெற்குப் பகுதியிலேயே இதுதான் நிலை!

ஆற்றோரம்:
நடுவில் ஒரு விஷயம். கியூபெக்கில் திருட்டுத்தனமாகத் தோண்டிய கிழங்குகள் எல்லை தாண்டி ஒன்டாரியோவில் விலைபோகின்றன. ஒரு மாகாணம் மட்டும் கதவைச் சாத்தி என்ன பயன்?

மேப்பிள்நிழல்:
நானும் அதைத்தான் சொல்கிறேன். தடை கள்ளச்சந்தையைத்தான் வளர்க்கிறது. விதை போட்டு வளர்ப்பவர்களுக்கு விற்க உரிமம் கொடுங்கள், காட்டைத் தோண்டுவது தானாகக் குறையும்.

வேர்த்தடம்:
வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. சந்தைக்கு வந்த பிறகு தோட்டத்துக் கிழங்கையும் காட்டுக் கிழங்கையும் எப்படிப் பிரித்தறிவீர்கள்? உரிமத்தின் மறைவில் காட்டுக் கிழங்கும் விலைபோகும்.

மேப்பிள்நிழல்:
அப்படியானால் கிழங்கு வேண்டாம், இலையை மட்டும் விற்கட்டும். செடிக்கு ஓர் இலை வீதம் வெட்டினால் கிழங்கு மண்ணிலேயே இருக்கும்.

வேர்த்தடம்:
கிழங்கைப் பிடுங்குவதைவிட அது எவ்வளவோ மேல். வளர்ப்பவரின் நிலத்தைப் பதிவு செய்து, விதைத்த ஆண்டையும் குறித்து வைத்தால் இலை விற்பனைக்கு நான் சம்மதிப்பேன். காட்டில் 50 என்ற வரம்பு மட்டும் அப்படியே இருக்க வேண்டும்.