தொட்டியில் சிக்லிட் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கின்றன, அவசரம்!

புதுத்தொட்டி:
ஆப்பிரிக்கன் சிக்லிட் விட்டிருக்கிறேன். நேற்று வரை நன்றாக இருந்தன. காலையில் பார்த்தால் எல்லாம் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்று செத்துவிட்டது. ஃபில்டர் ஓடுகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

கல்லிடுக்கு:
தொட்டி எத்தனை லிட்டர்? எத்தனை மீன்? மலாவி ஏரி மீனா, டாங்கனிகாவா? தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது?

பவளமணல்:
பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். மலாவி ஏரித் தண்ணீர் ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை இருக்கும். பவளமணலை ஒரு துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். மரக்கட்டை கிடந்தால் எடுத்துவிடுங்கள், அது பி.எச்.சை இறக்கும்.

குமிழி77:
எனக்கென்னவோ காற்றுதான் போதவில்லை என்று படுகிறது. ஹீட்டர் எதில் இருக்கிறது? சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும்.

புதுத்தொட்டி:
ஏரியெல்லாம் தெரியாது. மஞ்சள் ஆறு, நீலத்தில் கறுப்புக் கோடு ஆறு. தொட்டி 2 அடி நீளம். ஹீட்டர் 26. பவளமணல் இப்போதுதான் போட்டேன், நன்றி.

கல்லிடுக்கு:
எத்தனை நாள் என்று கேட்டேனே?

மூத்தமீன்:
வாரம் தவறாமல் வருகிற கேள்வி. பழைய இழைகளைப் படித்திருந்தால் மீனும் பிழைத்திருக்கும், எங்கள் நேரமும் மிஞ்சியிருக்கும். தம்பி, இது அமோனியா. புதுத் தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா இருக்காது. அது ஊறி வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கண்ணாடி மாதிரித் தண்ணீரிலும் அமோனியா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.
பவளமணல் போடச் சொன்ன புண்ணியவானுக்கு ஒன்று: 25 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷமாக நிற்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8.5 என்றால் சுமார் 15 பங்கு. இப்போது பி.எச்.சை ஏற்றுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது.

பவளமணல்:
நான் சொன்னது பொதுவான வழி. நாள் கணக்கை அவர் சொல்லவே இல்லையே.

கல்லிடுக்கு:
முதலில் மணல் பையை எடுங்கள். குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். பழைய, நோயில்லாத தொட்டியிலிருந்து அந்த பாக்டீரியா ஊறின ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அப்புறம், நீங்கள் சொன்ன நிறத்தைப் பார்த்தால் இவை மலாவி மீன்கள், 2 அடியில் 12 ஆகாது. அதற்கு 4 அடித் தொட்டியாவது வேண்டும். சின்னத் தொட்டிதான் என்றால் டாங்கனிகாவின் நத்தை ஓட்டு மீன்களில் (காலி நத்தை ஓட்டுக்குள் வாழ்பவை) சின்ன வகை போதும், ஐந்து சென்டிமீட்டரை ஒட்டித்தான் வளரும்.

பவளமணல்:
இதில் நான் உடன்பட மாட்டேன். ம்புனாவை, அதாவது மலாவியில் பாறையிடுக்கில் வாழும் இந்தச் சிக்லிட்களை, கூட்டமாகத்தான் விட வேண்டும். குறைத்தால் முரட்டு ஆண் ஒரே மீனைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும்.

கல்லிடுக்கு:
கூட்டமாக விடுவது பெரிய தொட்டிக்கான கணக்கு, இரட்டை ஃபில்டரோடு. இரண்டடியில் ஓடி ஒளிய இடம் எங்கே?

பவளமணல்:
கல்லை மேல்மட்டம் வரை அடுக்கினால் ஒளிய இடம் தானாக வரும்.

மூத்தமீன்:
அடுக்கும்போது கல்லை மணல் மேல் வைக்காதீர்கள், அடித்தட்டில் வையுங்கள். இவை மணலைத் தோண்டும், கல் சரிந்தால் கண்ணாடி போச்சு. இதையும் எத்தனை முறை எழுதுவது.

குமிழி77:
தீனி பற்றி யாரும் கேட்கவில்லை. நீலக்கோடு மீனுக்கு ரத்தப்புழு போட்டுப் போட்டு வயிறு வீங்கிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். பாசி மேய்கிற மீன் அது, ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசித் தீனி கொடுங்கள்.

புதுத்தொட்டி:
தொட்டி வைத்து நாலு நாள். டெஸ்ட் கிட் வாங்கினேன், அமோனியா 2 காட்டியது. மணலை எடுத்துப் பாதித் தண்ணீர் மாற்றினேன். இன்னும் இரண்டு போய்விட்டன, மற்றவை கீழே இறங்கிவிட்டன. நன்றி.

கல்லிடுக்கு:
நாளையும் சோதித்துப் பாருங்கள், மறுபடி ஏறும். எண் என்ன என்று இங்கே எழுதுங்கள்.

பவளமணல்:
மீதி ஒன்பதில் ஆண் எத்தனை?

கல்லிடுக்கு:
ஐந்து நாள் ஆகிவிட்டது. புதுத்தொட்டி, இருக்கிறீர்களா?