‘ஆச்சி வீடு’ குழுவில் ஒரு பால் பஞ்சாயத்து

கோமதி: [புகைப்படம்] காலையில் பீய்ச்சி பிரிட்ஜில் வைத்த பால். அடியில் நீலம் பாய்ந்த தண்ணீர் போலத் தெரிகிறது. “பால் நீர்த்துப் போயிற்று” என்று அம்மா காலையிலிருந்து புலம்புகிறாள். வள்ளி, உண்மையா?

செல்லம்மாள்: நீர்க்காமல் என்ன செய்யும்? பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகிறது. பச்சை உடம்போடு நேற்று யாருக்கும் தெரியாமல் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறாள்.

வள்ளி: பெரியம்மா, அந்தப் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். மஞ்சளாக ஆடை கட்டியிருக்கிறதல்லவா? கொழுப்பு அங்கே இருக்கிறது. எடுத்து வைத்தால் மேலே பிரிந்து நிற்கத்தான் செய்யும். மார்பு நிரம்பியிருக்கும்போது முதலில் வருவது நீர்த்துத் தெரியும், காலியாகக் காலியாகக் கொழுப்பு ஏறும். பாவம், தயிர் ஒன்றும் செய்யவில்லை.

ஆச்சி (முருகன் தட்டுகிறான்): நாங்கள் நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். ஓடினால் நீர்ப்பால்.

வள்ளி: ஓடிய பாலைக் குடித்துத்தானே ஆச்சி சங்கரன் மாமா ஆறடி வளர்ந்தார்?

ஆச்சி (முருகன்): அவன் சேட்டைக்கும் அதுதான் காரணம்.

சங்கரன் மாமா: என்னை ஏன் இழுக்கிறீர்கள்? நான் கேட்க வந்தது வேறு. கோமதிக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததே, அது பால் வழியாகப் பிள்ளைக்கு இறங்கிவிடாதா?

வள்ளி: இல்லை மாமா. தாய்ப்பாலின் இனிப்பு லாக்டோஸ். 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம். தாய் லட்டு தின்றாலும் கஞ்சி குடித்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். சர்க்கரை காட்டிய கைவரிசை வேறு. பால் கட்டி இறங்குவதற்கு இன்சுலினும் சரியாக வேலை செய்ய வேண்டும். பொதுவாக மூன்று நாளுக்குள் இறங்கும் பால், சர்க்கரை இருந்தவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் தாமதமாகலாம். அக்காவுக்கு அறுவைச் சிகிச்சையும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் நாள் இறங்கியது அதனால்தான் இருக்கும்.

கோமதி: அந்த ஐந்து நாளும் ஆளாளுக்கு “உனக்குப் பாலே இல்லை” என்றார்கள். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் விடிய விடிய அழுதிருக்க மாட்டேன்.

செல்லம்மாள்: யார் அப்படிச் சொன்னது?

கோமதி: முதலில் சொன்னது நீதான் அம்மா.

செல்லம்மாள்: அடுப்பில் பால் இருக்கிறது, வருகிறேன்.

வள்ளி: ஓடாதீர்கள் பெரியம்மா, முக்கியமானதே இனிமேல்தான். அவளுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?

செல்லம்மாள்: பச்சரிசிச் சோற்றைக் குழைய வடித்து, பூண்டுக் குழம்பு, சுட்ட அப்பளம். குடிக்கச் சுக்குக் காப்பி. பாலும் தயிரும் கொடுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்.

வள்ளி: புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தாய் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பாலில் பெரிதாகக் குறையாது. சுண்ணாம்பை உடம்பு அவள் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். ஊட்டச்சத்து ஆய்வாளர் டாக்டர் சி. கோபாலன் 1950களில் ஏழைத் தாய்மாரிடம் பார்த்தது இதைத்தான். அரைவயிற்றுக்காரிக்கும் பால் சுரந்தது, தேய்ந்தது அவள்.

ஆனால் பி1, பி12 வைட்டமின்கள், அயோடின் எல்லாம் தாயின் தட்டில் இருந்தால்தான் பாலுக்கு வரும். நம் வீடு சைவம். பி12 கிடைக்க நமக்கு இருப்பதே பாலும் தயிரும் மோரும்தான். பத்தியம் என்று சொல்லி அதையும் அடைத்துவிட்டீர்கள். பி12 இல்லாத பாலிலேயே வளர்ந்த குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். ஏழெட்டு மாதத்தில் முகத்தில் சிரிப்பு இருக்காது, கழுத்து நிற்காது, கை நடுங்கும்.

செல்லம்மாள்: இப்படிப் பயமுறுத்தினால் எப்படி?

வள்ளி: பயப்பட வேண்டாம், தயிர் போடுங்கள். அரிசியையும் புழுங்கலாக மாற்றுங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த ஊர்களில் பால்குடிக் குழந்தைகள், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வந்து இதயம் சோர்ந்து செத்திருக்கின்றன. பூண்டு இருக்கட்டும். 1991இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், தாய் பூண்டு சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பாலில் அந்த வாசம் ஏறியது, குழந்தைகளும் கூடுதல் நேரம் மார்பில் இருந்தன.

ஆச்சி (முருகன்): அமெரிக்காக்காரனுக்கு 1991இல்தான் தெரிந்ததா?

ஜெனிபர்: அத்தை, தூத்துக்குடியிலிருந்து வரும்போது பால் சுறா வாங்கி வரட்டுமா? புட்டு செய்தால் பால் ஊறும்.

வள்ளி: சுறாவில் பாதரசம் அதிகம், வேண்டாம் மதினி. மத்தியும் நெத்திலியும் நல்லது. அதிலுள்ள டிஹெச்ஏ என்ற நல்ல கொழுப்பு அப்படியே பாலுக்குப் போகும்.

கோமதி: மதினி, நான் உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன்.

செல்லம்மாள்: கோமதி!

வள்ளி: அக்கா, பிறந்த எடைக்கு மேல் ஏறிவிட்டானா?

கோமதி: 2.9 கிலோ பிறந்தான், நடுவே 2.7க்கு இறங்கினான், நேற்று 3.2.

வள்ளி: பிறகென்ன நீர்ப்பால்! வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும் மறக்காதே, தினம் 400 யூனிட். தாய்ப்பாலில் அது எப்போதுமே போதாது. ஆறு வாரம் ஆனதும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

செல்லம்மாள்: சரி, உறைந்த அன்றே புளிக்காத தயிர், பகலில் மட்டும். இரவில் கிடையாது.

வள்ளி: பகலிலேயே இரண்டு கிண்ணம், பெரியம்மா. இரவில் ஒரு தம்ளர் பால்.

ஆச்சி (முருகன்): தயிரோடு ஒரு துண்டு நார்த்தங்காயும் வை. வெறும் தயிர்சாதம் எப்படி இறங்கும்?